செத்துப் போச்சுன்னு சொன்ன வைஃபை கார்டு

அப்பா 2009-ல நான் காலேஜ் சேர்ந்தப்ப வாங்கிக் கொடுத்த லேப்டாப் இது. கோர் 2 டியோ, 2 ஜிபி ரேம். விண்டோஸ் போட்டா மூச்சு வாங்குது, ஆனா தூக்கிப்போட மனசு வரல, சரின்னு போன வாரம் டெபியன் 12-ங்கிற லினக்ஸ் போட்டு, எக்ஸ்எஃப்சிஇ-ங்கிற லேசான டெஸ்க்டாப் வச்சேன். சவுண்டு, டச்பேட், கேமரா எல்லாம் முதல் தடவையே வந்துருச்சு, வைஃபை மட்டும் வரவே இல்ல. சர்வீஸ் கடைல காட்டினேன், "கார்டு போயிருச்சு தம்பி, யுஎஸ்பி டாங்கிள் வாங்கி மாட்டிக்கங்க"ன்னு சொல்லிட்டாரு, கழட்டிக்கூட பாக்கல.

எனக்கு அது ஒப்பவே இல்ல. வீட்டுக்கு வந்து டெர்மினல்ல, உள்ள இருக்குற கார்டுகளை லிஸ்ட் போடுற எல்எஸ்பிசிஐ -என்என் கமாண்டை ஓட்டிப் பாத்தா நெட்வொர்க் கன்ட்ரோலர்னு ஒரு வரி இருக்கு, அது பக்கத்துல 14இ4:4315ன்னு அதோட அடையாள நம்பரும் இருக்கு. அப்ப கார்டு உயிரோடதான் இருக்கு! அடுத்து கெர்னல் லாக்கை, அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதி எழுதி வைக்கிற குறிப்பைப் பாத்தேன், காரணம் சிவப்பு எழுத்துல அங்கயே கெடக்கு: கார்டை இயக்குற பி43-ங்கிற டிரைவர் ஓடுது, ஆனா யூகோட்15-ங்கிற ஃபர்ம்வேர் ஃபைலக் காணோம்.

இது கொஞ்சம் புரிஞ்சுக்க வேண்டிய விஷயம். இந்த மாதிரி கார்டுக்குள்ள அதோட சொந்த புரோகிராம் நிரந்தரமா இருக்காது, ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் டிரைவர்தான் ஃபைல எடுத்து கார்டுக்குள்ள ஏத்தணும். டிரைவர் 2008-ல வந்த 2.6.24 கெர்னல்ல இருந்தே கூடவே வருது. ஃபர்ம்வேர மத்தவங்க விநியோகிக்க லைசென்ஸ் இல்ல, அதனால டெபியன் 12-ல மத்த ஃபர்ம்வேர் நிறைய இன்ஸ்டாலரோடயே வந்தும் இது மட்டும் வராது. இதுக்குன்னு இருக்குற பேக்கேஜ்கூட நெட்ல இருந்து ஃபைல இறக்கி, உள்ள இருக்குற ஃபர்ம்வேர வெட்டி எடுத்து வைக்கிற வேலையத்தான் பண்ணுது. நெட் வரணும்னா முதல்ல நெட் வேணும்.

அதுக்கு போன் போதும். ஆண்ட்ராய்டு போனை கேபிள்ல சொருகி போனோட நெட்டை கேபிள் வழியா கொடுக்குற யுஎஸ்பி டெதரிங்கை ஆன் பண்ணேன், எந்த டிரைவரும் கேக்கல, உடனே நெட் வந்துருச்சு. போன் வீட்டு வைஃபைல இருந்தா நிறைய மாடல்ல அதையே அப்படியே லேப்டாப்புக்கு கடத்தும், டேட்டாகூட செலவாகாது. அப்புறம் பேக்கேஜ் எங்க இருந்து எடுக்கணும்னு சொல்ற சோர்ஸ் லிஸ்ட்ல, மெயின் பக்கத்துல கான்ட்ரிப்-ங்கிற பகுதியையும் சேத்து, அப்டேட் பண்ணிட்டு, ஃபர்ம்வேர்-பி43-எல்பிபிஎச்ஒய்-இன்ஸ்டாலர் போட்டேன். பேர நல்லா பாருங்க, நடுவுல எல்பிபிஎச்ஒய் இல்லாம இன்னொரு பேக்கேஜும் இருக்கு, இந்த 4315-க்கு எல்பிபிஎச்ஒய் உள்ளதுதான்.

ரீஸ்டார்ட் பண்ணா வைஃபைங்கிற பேரு வந்துருச்சு, ஆனா ஒரு நெட்வொர்க்கும் தெரியல. வயர்லெஸ் எங்க தடையாகி இருக்குன்னு காட்டுற ஆர்எஃப்கில் லிஸ்ட் கமாண்டைப் போட்டேன், ஹார்ட் பிளாக்டு யெஸ்னு காட்டுச்சு. லேப்டாப் ஓரத்துல குட்டியா ஒரு வைஃபை சுவிட்ச் இருக்கே, அது ஆஃப்ல இருந்திருக்கு, எந்த கமாண்ட் போட்டாலும் அது மாறாது, கையாலதான் தள்ளணும். தள்ளினதும் வரிசையா எட்டு பத்து நெட்வொர்க்!

இந்த கார்டுக்கு அதைத் தயாரிச்ச கம்பெனியோட சொந்த டிரைவரும் ஒண்ணு இருக்கு, டபிள்யூஎல்னு பேரு, நிறைய பேர் அதைப் போடச் சொல்றாங்க. கெர்னல் மாறும்போதெல்லாம் அது திரும்ப கம்பைல் ஆகணும், ரெண்டும் ஒண்ணா இருந்தா மோதிக்கும், அதனால நான் பி43-யே வச்சுக்கிட்டேன். இன்னொரு காரணமும் இருக்கு. எந்த டாக்குமெண்டும் கைல இல்லாம, கார்டு எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு குழு ரிவர்ஸ் இன்ஜினியரிங் பண்ணி எழுதி வைக்க, அதை மட்டும் படிச்சு இன்னொரு குழு எழுதின டிரைவர் அது. அவங்க அன்னைக்கு உக்காந்து எழுதலன்னா என் லேப்டாப் இன்னைக்கு பழைய சாமான் கடைலதான் இருந்திருக்கும், அதை நெனச்சா உண்மையிலயே கும்பிடத் தோணுது.

கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் பிடிக்கும், ஸ்பீடு பேப்பர்ல 54 எம்பிபிஎஸ், நிஜத்துல 20-ஐ ஒட்டி வருது. ரவுட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் வச்சிருந்தா இதுக்குத் தெரியவே தெரியாது, பாத்துக்கங்க. ஃபர்ம்வேர் போல்டர ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்து வச்சுட்டேன், அடுத்த தடவை ஓஎஸ் மாத்தினா போனைத் தேட வேண்டாம். அப்பா நேத்து சாயங்காலம் அந்த லேப்டாப்லதான் நியூஸ் பாத்துட்டு இருந்தாரு.