214 கையெழுத்து வாங்கினோம், விதியைப் படிக்கவில்லை

இணையத்தில் குழந்தைகளைப் பாதுகாக்கக் கடுமையான சட்டம் வேண்டும் என்று கையெழுத்து வாங்கப் புறப்படுகிறவர்கள், நாங்கள் பட்ட பாட்டைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

2025 ஜனவரி 3 அன்று, நம் தகவல்களை நிறுவனங்கள் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான வரைவு விதிகளை மத்திய அரசு வெளியிட்டது. கருத்துச் சொல்ல பிப்ரவரி 18 வரை அவகாசம். மகனின் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு கிளம்பி, பத்தே நாளில் 214 கையெழுத்து சேர்ந்தது. ‘குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்’ என்பதையே மூன்று பக்கத்துக்கு எழுதியிருந்தோம்.

பொங்கல் முடிந்த திங்கள்கிழமை, குறைதீர்க்கும் நாளில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தோம். ஒப்புகைச் சீட்டு கைக்கு வந்ததும் பாதி வேலை முடிந்த திருப்தி. ஒரு வாரம் கழித்து ஒரு காவலர் போன் செய்தார்: “உங்க அக்கவுண்ட்ல இருந்து எவ்வளவு போச்சு சார்?” மனுவில் ‘இணையம்’ என்று இருந்ததால் பண மோசடிப் புகாராகப் போலீசுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பணம் போகவில்லை, சட்டம்தான் வேண்டும் என்றேன். “அது எங்க கையில இல்லையே சார்” என்றார். பாவம், அவர் என்ன செய்வார்?

அப்புறம் ஒரு எம்.பி.யின் அலுவலகம். உதவியாளர் மனுவைப் புரட்டக்கூட இல்லை. “எந்தச் சங்கம்? லெட்டர்பேடுல கொண்டு வாங்க.” சங்கமெல்லாம் இல்லை, வெறும் அப்பா அம்மாக்கள்.

அன்று இரவு குழுவில் இருந்த வக்கீல் அம்மா ஒருவர் கேட்டார்: “எந்த விதியைப் பத்தி எழுதியிருக்கீங்க?” என்னையும் சேர்த்து ஒருவரும் விதிகளைப் படித்திருக்கவில்லை! கருத்தை விதிவாரியாக, இணையம் வழியே அனுப்ப வேண்டும் என்று அறிவிப்பிலேயே இருந்தது.

உட்கார்ந்து படித்தபோது 10ஆம் விதியில் நின்றோம். சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைதான். குழந்தையின் தகவலைக் கையாள, 9ஆம் பிரிவுப்படி பெற்றோர் சம்மதம் கட்டாயம். மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். சரி. ஆனால் விதியில் உள்ள உதாரணங்கள் எல்லாம், பிள்ளையோ பெற்றோரோ தாமாக வந்து ‘இது குழந்தை’ என்று சொல்வதில் தொடங்குகின்றன. என் மகன் 1995இல் பிறந்ததாகப் போட்டு இரண்டு வருடமாக இணையத்தில் கணக்கு வைத்திருக்கிறான். அவனிடம் யார் கேட்பார்கள்?

அதைத்தான் எழுதினோம். விதி எண், இப்போதுள்ள வாசகம், எங்கள் மாற்று வாசகம், வீட்டில் நடந்த ஒரு சம்பவம். ஒரே வாசகத்தை எல்லோரும் ஒட்டி அனுப்பாதீர்கள். அவரவர் வீட்டுக் கதையை எழுதுங்கள். அனுப்பியதும் திரையைப் படம் பிடித்து வையுங்கள். கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று முன்பே சொல்லிவிட்டதால், பிறகு எங்கும் தேடிப் பார்க்க முடியாது. கடைசித் தேதி மார்ச் 5க்குத் தள்ளிப்போனதால் பிழைத்தோம். அப்படியும் 214 பேரில் அனுப்பியது 31 பேர்.

நவம்பரில் இறுதி விதிகள் வந்தன. எல்லோருக்கும் வயதுச் சரிபார்ப்பு என்று நாங்கள் கேட்டது அதில் இல்லை. குழந்தைகள் பற்றிய பகுதி நடைமுறைக்கு வரவே 18 மாதம், அதாவது 2027 மே. மகனுக்கு அந்த மார்ச்சிலேயே 18 முடிந்துவிடும். அவனிடம் சொன்னேன்.

“எனக்குத்தான் ஏற்கெனவே முப்பது ஆயிடுச்சேப்பா” என்றான்.