பித்தப்பை இல்லாத எனக்கு வைபர்ஸியா? ஐபிஎஸ் மருந்துக்கு இன்சூரன்ஸோடு நடந்த போராட்டம்

ஐபிஎஸ்-டி, அதாவது வயிற்றுப்போக்கோடு வரும் குடல் பிரச்சினை இருக்கிற நம் ஆட்கள் பலர் அமெரிக்காவில் இமோடியத்தை (லோபரமைட் என்கிற, போக்கை நிறுத்தும் மாத்திரை) வைத்தே காலத்தை ஓட்டுகிறார்கள். டாக்டர் நல்ல மருந்தாக எழுதிக் கொடுத்திருப்பார். இன்சூரன்ஸ் மறுத்ததும் அத்தோடு விட்டுவிடுவார்கள். எனக்கு மருந்து கிடைத்துவிட்டது, ஒரு கோர்ஸும் முடித்துவிட்டேன். ஆனால் நடுவில் நடந்ததை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அடுத்தவருக்காவது இது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் முடிவு. பேப்பர் விஷயத்தில் என் அனுபவம் உதவும்.

நோய் இதுதான் என்று முடிவாவதில் பெரிய சிக்கல் இல்லை. செலியாக், தைராய்டு ரத்தப் பரிசோதனை, மலத்தில் கால்புரோடெக்டின் (குடல் அழற்சி இருக்கிறதா என்று பார்ப்பது), பயாப்ஸியோடு கொலோனோஸ்கோப்பி எல்லாம் நார்மல். எனக்குப் பித்தப்பையை ஊரிலேயே ஆபரேஷன் செய்து எடுத்தாகிவிட்டது. பித்தப்பை எடுத்தவர்களுக்குப் பித்த அமிலம் குடலில் அதிகமாக இறங்கியும் இப்படிப் போகலாம் என்பதால், டாக்டர் முதலில் கொலஸ்டிரமைன் பவுடர் கொடுத்துப் பார்த்தார். கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. (தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் கவனம்: இந்தப் பவுடர் மற்ற மருந்துகளை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மற்ற மாத்திரையை ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும், இல்லையென்றால் பவுடர் குடித்து நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்துப் போட வேண்டும்.) சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் பெருங்காயத்தை மட்டும் போட்டுச் சாம்பார் வைத்துப் பார்த்தேன். வயிறு உப்புவது குறைந்தது, காலையில் ஓடுவது குறையவில்லை. டல்லாஸ் நார்த் டோல்வேயில் எந்த எக்ஸிட்டில் இறங்கினால் சுத்தமான ரெஸ்ட்ரூம் இருக்கும் என்று மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருப்பவர்களுக்கு என் நிலைமை புரியும்.

ஐபிஎஸ்-டிக்கென்றே எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதித்த மருந்துகள் மூன்று. அலோசெட்ரான் 2000ல் வந்து, குடலுக்கு ரத்த ஓட்டம் குறையும் ஆபத்தால் அதே வருடம் விலக்கப்பட்டு, 2002ல் கட்டுப்பாடுகளோடு திரும்பி வந்தது. நோய் கடுமையாக இருந்து வேறு எதுவும் பலிக்காத பெண்களுக்கு மட்டும்தான் அது. மற்ற இரண்டும் 2015 மே மாதம் ஒன்றாக அனுமதி பெற்றவை: எலக்ஸாடொலின் என்கிற வைபர்ஸி, ரிஃபாக்ஸிமின் என்கிற ஸைஃபாக்ஸன். டாக்டர் ரிஃபாக்ஸிமின்தான் எழுதினார். 550 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, 14 நாள், மொத்தம் 42 மாத்திரை. பெரும்பாலும் ரத்தத்தில் கலக்காமல் குடலுக்குள்ளேயே வேலை செய்யும் ஆன்டிபயாட்டிக் அது.

ஃபார்மஸியில் ப்ரையர் ஆத்தரைசேஷன், அதாவது இன்சூரன்ஸின் முன் அனுமதி வேண்டும் என்றார்கள். அது எதிர்பார்த்ததுதான். இன்சூரன்ஸ் இல்லாமல் வாங்கினால் அந்த 42 மாத்திரை இரண்டாயிரம் டாலரைத் தாண்டுகிறது. வேறு கம்பெனிகள் மலிவாகப் போடும் அதே மருந்து, அதாவது ஜெனரிக், அமெரிக்காவில் கிடைப்பதில்லை.

முதல் மறுப்பு சீக்கிரமே வந்தது. 'இந்த நோய்க்கு இந்த மருந்து பொருந்தாது' என்று ஒரே வரி. டாக்டர் ஆபீஸுக்குப் போன் செய்தால், "நாங்கள் அனுப்பிவிட்டோம், இன்சூரன்ஸ்தான் மறுக்கிறது, அவர்களிடம் கேளுங்கள்." இன்சூரன்ஸைக் கூப்பிட்டால், "உங்கள் டாக்டர் ஆபீஸிலிருந்து அனுப்பிய தகவலில் குறை, அவர்களிடம் கேளுங்கள்." என்ன குறை என்றால் இரண்டு பக்கமும் பதில் இல்லை. இதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஃபார்மஸி கவுன்டரில் இருந்த பெண்மணி. ஸ்க்ரீனைப் பார்த்துவிட்டு, "டயக்னோசிஸ் கோடு கே58.9 என்று போயிருக்கிறது. அது வயிற்றுப்போக்கு இல்லாத ஐபிஎஸ். உங்களுக்கு வேண்டியது கே58.0" என்றார். கடைசி இலக்கம் ஒன்று மாறியதால் வயிற்றுப்போக்குக்கான மருந்து, வயிற்றுப்போக்கே இல்லாதவருக்குக் கேட்டதாக ஆகிவிட்டது. இரண்டு ஆபீஸிலும் யாரும் அந்த வரியைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்மணிக்கு என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். உங்கள் டாக்டர் ஆபீஸ் அனுப்புவதற்கு முன்பே என்ன கோடு போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு திருத்தி மறுபடி போனது. இரண்டாவது மறுப்பு வந்தது. இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்த கடிதம்: 'முதலில் எலக்ஸாடொலின் எடுத்துப் பலனில்லை என்று காட்ட வேண்டும்.'

பித்தப்பை இல்லாதவர்கள் அந்த மருந்தை எடுக்கவே கூடாது! 2017 மார்ச்சில் எஃப்டிஏ இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. அந்த மருந்து எடுத்துக் கணையம் கடுமையாக வீங்கிப் போனவர்களில், பித்தப்பை இருக்கிறதா இல்லையா என்ற விவரம் தெரிந்தவர்கள் 68 பேர். அதில் 56 பேருக்குப் பித்தப்பை இல்லை. இரண்டு பேர் இறந்தே போனார்கள், அவர்களுக்கும் பித்தப்பை இல்லை. இவ்வளவு தெளிவாக லேபிளிலேயே எழுதியிருக்கிற ஒன்றை, 'முதலில் அதைச் சாப்பிட்டுப் பாருங்கள்' என்று ஒரு கம்பெனி எனக்கு எழுதுகிறது. போன் செய்து சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர், "எங்கள் சிஸ்டத்தில் அந்த மருந்து முயற்சி செய்ததாக இல்லை, மேடம்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குப் பித்தப்பை இல்லை என்று எத்தனை விதமாகச் சொன்னாலும் அவர் பதில் மாறவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இதற்கு நடுவில் ஊரிலிருந்து அண்ணன், "அதே மருந்து இங்கே எத்தனையோ கம்பெனி போடுறான், நான் வாங்கிக் கூரியர்ல அனுப்பிடறேன்" என்றான். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தபாலிலோ கூரியரிலோ வெளிநாட்டிலிருந்து மருந்து வரவழைப்பது பொதுவாக இங்கே சட்டப்படி கூடாது. பார்சலை நிறுத்தி வைத்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, அப்பீல்தான் வழி என்று உட்கார்ந்தோம். என் கணவர் கண்டுபிடித்த ஒரு விஷயம் எல்லாருக்கும் பயன்படும். மறுப்புக்கு அடிப்படையாக வைத்த விதிமுறையை, அந்த மருந்துக்கான பாலிசி டாக்குமென்டை, நாம் கேட்டால் இன்சூரன்ஸ் இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும். எழுத்தில் கேளுங்கள், போனில் கேட்டால் மழுப்புவார்கள். அது வந்ததும் படித்தால், நமக்கு வேண்டியது அதிலேயே இருக்கிறது: எலக்ஸாடொலின் எடுத்துப் பலனில்லாமல் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் அதைக் கொடுக்க முடியாத மருத்துவக் காரணம் இருக்க வேண்டும். மறுப்புக் கடிதத்தில் முதல் பாதியை மட்டும் எழுதியிருந்தார்கள். டாக்டர் ஆபீஸ் நிரப்பிய ஃபாரத்தை வாங்கிப் பார்த்தால், மருத்துவக் காரணம் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

டெக்சாஸில் இப்படி 'முதலில் அதைச் சாப்பிடு' என்று கட்டாயப்படுத்துவதைத் தடுக்க 2017ல் சட்டம் வந்திருக்கிறது. அதைக் காட்டலாம் என்று நினைத்தோம், முடியவில்லை. பெரிய கம்பெனிகள் பலவும் ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கும் திட்டம் வைத்திருக்கின்றன. இன்சூரன்ஸ் கம்பெனி வெறும் நிர்வாகம்தான் பார்க்கும். அந்தத் திட்டங்கள் மாநிலச் சட்டத்துக்குள் வராது. டெக்சாஸில் இருப்பவர்கள் இன்சூரன்ஸ் கார்டைப் பாருங்கள், டிடிஐ (TDI) அல்லது டிஓஐ (DOI) என்று அச்சிட்டிருந்தால் மாநிலச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். எங்கள் கார்டில் இல்லை. ஆனாலும் மத்தியச் சட்டப்படி அப்பீல் உரிமை எல்லாருக்கும் உண்டு. மறுப்பு வந்ததிலிருந்து 180 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். மருந்து வாங்குவதற்கு முன்பான அப்பீல் என்றால் 30 நாளுக்குள், அவசரம் என்று டாக்டர் எழுதினால் 72 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். அதிலும் தோற்றால் நாலு மாதத்துக்குள் வெளியாட்கள் மூலம் மறுபரிசீலனை கேட்கலாம்.

அப்பீலுக்குப் பித்தப்பை எடுத்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் நடந்தது மதுரையில், கல்யாணத்துக்கு முன்னால். அம்மாவைக் கூப்பிட்டேன். "அந்த மஞ்சள் ஃபைலா? பீரோவுலதாண்டி இருந்துச்சு. வீடு மாத்தினப்போ எங்க போச்சோ தெரியலையே." அண்ணன் அந்த ஆஸ்பத்திரிக்கே நேரில் போனான். ரெக்கார்டு பிரிவில் இருந்தவர் அவ்வளவு பழையதெல்லாம் இப்போது இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அலைந்தது வீண். வயிற்றில் நாலு தழும்பு இருக்கிறது, ஆனால் அதை ஃபேக்ஸ் செய்ய முடியாதே என்று தவித்துப் போனேன்.

தீர்வு என் கையிலேயே இருந்தது. வயிற்று வலிக்காக இங்கே முன்பு எடுத்த சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டை ஆஸ்பத்திரி போர்ட்டலில் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கல்லீரல் நார்மல், கணையம் நார்மல், அதற்கு நடுவில் ஒரு வரி: பித்தப்பை அறுவை சிகிச்சையால் அகற்றப்பட்டுள்ளது. ரேடியாலஜிஸ்ட் போகிற போக்கில் எழுதிய வரி. அமெரிக்க ஆஸ்பத்திரி, டாக்டர் கையெழுத்து, தேதி எல்லாம் அதிலேயே இருக்கிறது. பித்தப்பையோ கர்ப்பப்பையோ ஊரில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர்கள், பழைய ஃபைலைத் தேடி அலைவதற்கு முன்னால் இங்கே எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைப் படித்துப் பாருங்கள்.

அப்பீல் கடிதத்தை நாங்களே எழுதி, டாக்டரிடம் கொடுத்துக் கையெழுத்து மட்டும் வாங்கினோம். அவர் நல்ல மனிதர், நேரமில்லை, அவ்வளவுதான். நீளமாக எழுதவில்லை. நான் பட்ட கஷ்டத்தைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. நோயாளிக்குப் பித்தப்பை இல்லை, ஆதாரம் இணைப்பில் சிடி ரிப்போர்ட். எலக்ஸாடொலின் லேபிளில் பித்தப்பை இல்லாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது, அந்தப் பக்கமும் இணைப்பில். ஆகவே உங்கள் பாலிசியின் இந்தப் பிரிவு நிறைவேறிவிட்டது. லோபரமைட், கொலஸ்டிரமைன், உணவுக் கட்டுப்பாடு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை முயன்றோம் என்பதையும் எழுதினோம். ஃபேக்ஸ் போய்ச் சேர்ந்ததற்கான தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். நல்லதாகப் போயிற்று. பிறகு "எதுவும் வரவில்லையே" என்று ஒருவர் சொன்னபோது, தேதியும் நேரமும் சொன்னதும் உடனே தேடி எடுத்தார்கள்.

அனுமதி வந்த செய்தியைக் கார் பார்க்கிங்கில் போனில் பார்த்தேன். அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டேன்.

அனுமதி வந்த பிறகும் என் பங்குக்கு நூற்றுக்கணக்கில் டாலர் காட்டியது. நம் பங்கைக் குறைக்க மருந்துக் கம்பெனியே தரும் கோபே கார்டு இருக்கிறது, அதைப் போட்டதும் பெருமளவு குறைந்தது. ஃபார்மஸியில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். அதை இரண்டாவது இன்சூரன்ஸ் மாதிரி பதியச் சொல்ல வேண்டும். மெடிகேர், மெடிகெய்டு என்கிற அரசு இன்சூரன்ஸில் இருப்பவர்களுக்கு இந்தக் கார்டு செல்லாது, கிரீன் கார்டு பெற்ற பெற்றோருக்காகப் பார்ப்பவர்கள் கவனிக்கவும். இன்னொன்று, கார்டு கட்டிய தொகையைச் சில திட்டங்கள் உங்கள் டிடக்டபிளில் (இன்சூரன்ஸ் கட்டத் தொடங்கும் முன் நாம் கட்ட வேண்டிய தொகை) சேர்க்காது. அதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மருந்து எப்படி? இது எல்லாருக்கும் கேட்காது. 2011ல் வெளியான ஆய்வுகளில் இதை எடுத்தவர்களில் சுமார் 41 சதவீதம் பேருக்கு நிம்மதி கிடைத்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம் பேருக்கு. பெரிய இடைவெளி இல்லைதான். எனக்கு இரண்டாவது வாரத்தில் காலை அவசரம் குறைந்தது, வலியும் நன்றாகவே குறைந்தது. வெறும் வயிற்றில் கொஞ்சம் குமட்டியது. போக்கு திடீரென்று மோசமானாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே கூப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஆன்டிபயாட்டிக்கால் குடலில் வேறு கிருமி வளர்ந்துவிடும் ஆபத்து இருக்கிறதாம். நல்லவேளை, எனக்கு அப்படி எதுவும் வரவில்லை.

இப்போது பிரச்சினை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. திரும்பி வந்தால் இன்னும் இரண்டு முறை வரை இதே கோர்ஸ் எடுக்கலாம் என்று லேபிளில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறைக்கும் எங்கள் திட்டத்தில் புதிதாக அனுமதி வேண்டும், போன தடவை பலன் கிடைத்தது என்று காட்டவும் வேண்டும். அதனால் மருந்து தொடங்கிய நாளிலிருந்தே நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்: எத்தனை தடவை போனேன், மலத்தை வகை பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணையில் எந்த வகை, வலி எவ்வளவு. அதன் நகலை டாக்டர் ஆபீஸுக்குப் போன வாரம் அனுப்பினேன். கே58.0 என்று போடச் சொல்லி மேலே பெரிதாக எழுதி, சிடி ரிப்போர்ட்டையும் கூடவே இணைத்திருக்கிறேன்.