கூட்டு வெளியக மதிப்பீட்டுக்கு ஆயத்தமான மாதங்கள்

2017 ஜூன் 19 முதல் 23 வரை இலங்கையில் கூட்டு வெளியக மதிப்பீடு நடைபெற்றது. பொதுச் சுகாதார அவசரநிலை ஒன்று ஏற்பட்டால் அதைக் கண்டறியவும், அறிவிக்கவும், எதிர்கொள்ளவும் ஒரு நாடு எந்த அளவுக்கு ஆயத்தமாக இருக்கிறது என்பதை, அந்நாட்டு அதிகாரிகளும் வெளிநாட்டு நிபுணர்களும் ஒரே மேசையில் அமர்ந்து மதிப்பிடும் முறை அது. நான் அப்போது சமுதாய மருத்துவத்தில் பட்டப்பின் பயிற்சியில் இருந்தேன். மதிப்பீட்டுக்கு முன் நாடு தானே எழுத வேண்டிய சுயமதிப்பீட்டு ஆவணத்துக்காக, நோய்க் கண்காணிப்பு, விலங்குவழித் தொற்று ஆகிய இரண்டு பகுதிகளுக்குச் சான்றுகள் திரட்டும் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். இதே வேலையில் இன்று இறங்கும் இளைய வைத்தியர்கள் பலர் அந்த மாதங்களைப் பற்றி என்னிடம் கேட்பதால், நினைவில் நிற்பவற்றை எழுதிவைக்கிறேன்.

ஒவ்வொரு நாட்டிடமும் இந்த ஆயத்தநிலையைக் கோரும் சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகள் 2005 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு, 2007 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தன. 196 நாடுகள் அவற்றுக்குக் கட்டுப்பட்டவை. தொடக்கத்தில் ஒவ்வொரு நாடும் தன் நிலையைத் தானே ஆண்டுதோறும் எழுதி அனுப்பி வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 இல் எபோலா பரவிய விதம், அந்தச் சுய அறிக்கைகள் மட்டும் போதாது என்பதைக் காட்டிவிட்டது. அதன் பின்னர் 2016 இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு வெளியக மதிப்பீட்டை அறிமுகப்படுத்தியது. எந்த நாட்டையும் இதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை. நாடு விரும்பி அழைத்தால்தான் நிபுணர் குழு வரும். அன்று எங்கள் கைக்கு வந்த மதிப்பீட்டுக் கையேட்டின் முதற்பதிப்பில் சட்டம், நோய்த்தடுப்பு, ஆய்வுகூடம் தொடங்கி இரசாயன விபத்து, கதிர்வீச்சு அவசரநிலை வரை 19 பகுதிகளும் 48 குறிகாட்டிகளும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண்.

அந்தக் கையேட்டை முதன்முறை வாசித்தபோது வேலை எளிதாக முடிந்துவிடும் என்றே நினைத்தேன். நினைக்கக் காரணமும் இருந்தது. தொற்றுநோய்களை அறிவிப்பதற்கான சட்டம் எங்களிடம் 1897 முதல் இருக்கிறது. உள்நாட்டில் தொற்றிய மலேரியா 2012 க்குப் பின் அதுவரை பதிவாகியிருக்கவில்லை. மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. அதற்குப் பின்னும் களப்பணியாளர்கள் ஓய்ந்துவிடவில்லை. அதே ஆண்டு டிசெம்பரில் மன்னாரில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி நுளம்பு இலங்கையில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. நோய் இல்லாத மாவட்டத்தில் கிணறு கிணறாக இறங்கி நுளம்புக் குடம்பிகளைத் தேடும் ஒரு சேவை இருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. இப்படியொரு நாட்டுக்கு மதிப்பெண் தேடி அலைய வேண்டியிருக்காது என்று நம்பினேன்.

ஆனால் கையேடு கேட்ட கேள்விகள் வேறு. ஒரு வேலை நடக்கிறதா என்பதோடு அது நிற்காது. யாருடைய ஆணையின்படி நடக்கிறது, எழுத்தில் எங்கே இருக்கிறது, எல்லா மாவட்டங்களிலும் ஒரே விதமாக நடக்கிறதா, கடைசியாக எப்போது சோதித்துப் பார்த்தீர்கள் என்று தொடர்ந்து கேட்கும். ஒரு படிக்குரிய தகைமைகள் அனைத்தும் நிறைவேறினால்தான் அந்த மதிப்பெண்; நான்கில் மூன்று இருக்கிறது என்று சொல்லி மேலே ஏற முடியாது.

இதை நான் உண்மையில் விளங்கிக்கொண்டது ஒரு படிவத்தின் பின்னால் நடந்தபோதுதான். வைத்தியசாலை விடுதியில் அனுமதிக்கப்படும் நோயாளிக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய் இருப்பதாகச் சந்தேகித்தவுடனேயே எச் 544 படிவத்தை நிரப்பி, நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குச் சென்று விசாரிப்பார். வாரமுடிவில் எச் 399 என்ற வாராந்த அறிக்கை கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். இந்தச் சங்கிலி எவ்வளவு விரைவாக இயங்குகிறது என்று காட்டுவதற்காக, ஒரு வைத்தியசாலையின் பதிவேட்டிலிருந்து டெங்கு நோயாளி ஒருவரைத் தெரிவுசெய்து திகதிகளைக் குறித்தேன். நோயாளி செவ்வாய்க்கிழமை அனுமதிக்கப்பட்டார். படிவம் வியாழக்கிழமை நிரப்பப்பட்டது. தபால் முத்திரையுடன் அது அலுவலகத்தைச் சென்றடைந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. ஒரு வாரம் போய்விட்டதே என்று மனம் சோர்ந்து, பரிசோதகரின் களக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். அவர் அந்த வீட்டுக்குப் போனது முதல் வியாழக்கிழமை, படிவம் வந்து சேர்வதற்கு ஐந்து நாட்களுக்கு முன்பு.

எப்படி என்று கேட்டதற்கு, விடுதியின் தாதிய உத்தியோகத்தர் புதன்கிழமை மாலையே தொலைபேசியில் சொல்லிவிட்டார் என்றார். இருவரும் பல ஆண்டுகளாக அப்படித்தான் வேலை செய்கிறார்கள். யாரும் அவர்களுக்கு அதைப் பணித்ததில்லை. அந்த அழைப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்தத் தாதி இடமாற்றம் பெற்றுப் போனால் அடுத்தவர் அதைச் செய்வார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எங்கள் கண்காணிப்பு முறை வேகமானது என்று சொன்னால் அது உண்மை. மெதுவானது என்று சொன்னாலும் அது உண்மை. இரண்டில் எதை ஆவணத்தில் எழுதுவது என்பதுதான் அடுத்த சில வாரங்களுக்கு எங்கள் குழுவில் நடந்த விவாதம். அந்தத் தாதிக்கும் பரிசோதகருக்கும் உரிய மதிப்பை மறுப்பதாகிவிடும் என்று சிலர் மதிப்பெண்ணைக் குறைக்கத் தயங்கினார்கள். நானும் முதலில் அந்தப் பக்கமே நின்றேன். பிறகு, அவர்களுடைய உழைப்பைக் காட்டி நாட்டுக்கு உயர்ந்த மதிப்பெண் எழுதிக்கொண்டால், அந்த உழைப்பை ஒரு முறையாக்கிப் பாதுகாக்கும் தேவையே இல்லை என்று நாமே கையெழுத்திட்டுக் கொடுப்பதாகிவிடும் என்று தோன்றியது. நாங்கள் எழுதியிருந்த மதிப்பெண்ணை, வெளியார் யாரும் கேட்பதற்கு முன்பே ஒரு படி இறக்கினோம்.

விலங்குவழித் தொற்றுப் பகுதியில் வேறுவிதமான பாடம் காத்திருந்தது. மனித சுகாதாரமும் கால்நடை சுகாதாரமும் வெவ்வேறு அமைச்சுகளின் கீழ் இருப்பதால், இரு தரப்பும் தகவல் பகிர்ந்துகொள்வதைக் காட்டினால்தான் மதிப்பெண். விசர்நாய்க்கடி நோய் பற்றிய பேச்சின்போது, மூத்த கால்நடை வைத்தியர் ஒருவர் அமைதியாக என்னிடம் கேட்டார்: "டொக்டர், பரிசோதனை முடிவுகளை நாங்கள் மாதம் தவறாமல் அனுப்புகிறோம். உங்கள் பக்கத்தில் அதை யார் பார்க்கிறார்கள்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் தேடிய பின் தெரிந்தது, ஏற்கனவே இடமாற்றம் பெற்றுப்போன ஓர் அதிகாரியின் மின்னஞ்சல் முகவரிக்கு அவை போய்க்கொண்டிருந்தன. அந்த அறையில் யாரும் யாரையும் குறைகூறவில்லை. அன்று மாலையே புதிய முகவரியும், இரு தரப்பிலும் பொறுப்பானவர்களின் பதவிப்பெயர்களும் எழுதப்பட்டன. வெளிநாட்டு நிபுணர்கள் இன்னும் விமானம் ஏறியிருக்கவில்லை. மதிப்பீட்டின் ஒரு பயன் அப்போதே கிடைத்துவிட்டது.

இவையெல்லாம் சாதாரண காலத்தில் நடக்கவில்லை. ஏப்ரல் 14 ஆம் திகதி, புத்தாண்டு நாளில், கொழும்புக்கு அருகிலுள்ள மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30 க்கு மேற்பட்டோர் இறந்தனர். மே மாத இறுதியில் தென்மேற்கில் வெள்ளமும் மண்சரிவும் 200 க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. இவற்றுக்கிடையே டெங்கு ஏறிக்கொண்டே இருந்தது. அந்த ஆண்டு முடிவில் 186,000 க்கு மேற்பட்ட நோயாளர்கள் பதிவாகினர், 400 க்கு மேற்பட்டோர் இறந்தனர். நாங்கள் சான்று கேட்டுப் போன விடுதிகளில் ஒரு கட்டிலில் இருவர் படுத்திருந்தார்கள். இந்த நேரத்தில் காகிதம் கேட்டு வருகிறீர்களே என்று ஒரு வைத்தியர் கோபப்பட்டார். அவருடைய கோபம் நியாயமானது. மதிப்பீட்டைத் தள்ளிப்போடலாம் என்ற எண்ணம் எனக்கும் ஒரு கட்டத்தில் வந்தது. ஆனால் நெரிசல் இல்லாத ஒரு மாதத்தில் பார்த்திருந்தால், மேலதிகக் கட்டில்களுக்கும் பணியாளர்களுக்கும் எங்கே கை நீட்டுவது என்பதற்கு எழுதப்பட்ட ஏற்பாடு எவ்வளவு மெலிந்தது என்பது எங்கள் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

மதிப்பீட்டு வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் நாட்டுத் தரப்பு விளக்கம் அளிக்கும், நிபுணர்கள் கேட்பார்கள், பின்பு மதிப்பெண்ணையும் முன்னுரிமைச் செயல்களையும் இரு தரப்பும் சேர்ந்து முடிவு செய்யும். பரீட்சை மண்டபத்துக்குப் போகும் மனநிலையுடன் வந்தவர்கள் பலர் முதல் நாள் மாலைக்குள் இறுக்கம் தளர்ந்து பேசத் தொடங்கினார்கள். ஒரு கேள்வி மட்டும் அப்படியே நினைவில் இருக்கிறது. சர்வதேச அக்கறைக்குரியதாக இருக்கக்கூடிய ஒரு நிகழ்வை நாடு 48 மணித்தியாலத்துக்குள் மதிப்பிட்டு, அதன் பின் 24 மணித்தியாலத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது ஒழுங்குவிதி. ஒரு நிபுணர் அதைச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு மாவட்டத்தில் அப்படியொரு நிகழ்வு தெரியவந்தால் முதலில் யார் யாரை அழைப்பார், அவர் விடுமுறையில் இருந்தால் அடுத்தவர் யார், அந்த எண் எங்கே இருக்கிறது என்று கேட்டார். எங்களில் ஒருவர் உடனே தம் கைத்தொலைபேசியை எடுத்தார். எண் அதில் இருந்தது. நிபுணர் புன்னகையுடன், வேறு எங்கே இருக்கிறது என்று மறுபடி கேட்டார்.

இறுதி மதிப்பெண்கள் வெளியிடப்பட்ட அறிக்கையில் இருக்கின்றன. அவற்றைப் பட்டியலாக்கி அயல்நாடுகளுடன் ஒப்பிடுவதை நான் விரும்புவதில்லை. நாடுகளை ஆயத்தநிலையின்படி வரிசைப்படுத்தி 2019 இல் வெளியான உலக சுகாதாரப் பாதுகாப்புச் சுட்டெண்ணில் முதலிடத்தில் இருந்தது ஐக்கிய அமெரிக்கா. அடுத்த ஆண்டு கொவிட் அங்கே என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆய்வுகூடங்களையும் திட்டங்களையும் அளக்கலாம். தலைமை அந்தத் திட்டத்தைக் கையில் எடுக்குமா, மக்கள் சுகாதாரப் பணியாளரை நம்பிக் கதவைத் திறப்பார்களா என்பதை அந்த அளவுகோல்கள் சரியாகப் பிடிக்கவில்லை. எங்கள் நாட்டில் முதல் கொவிட் நோயாளி 2020 ஜனவரி 27 அன்று உறுதிசெய்யப்பட்டபோது நான் ஒரு மாவட்டத்தில் பணியில் இருந்தேன். அடுத்த மாதங்களில் எங்களைத் தாங்கியது வீடு வீடாகப் போன அதே பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்தான்.

2022 இல் வந்த மூன்றாம் பதிப்பில் குறிகாட்டிகள் 56 ஆகிவிட்டன. அதைக் கையிலெடுக்கும் குழுக்களிடம் நான் ஒன்றை வலியுறுத்துவேன்: கையேட்டைத் திறப்பதற்கு முன் உங்கள் பிரதேசத்தில் அண்மையில் நடந்த ஒரேயொரு நிகழ்வை எடுத்து, நோய் தொடங்கிய நாள், கண்டறிந்த நாள், அறிவித்த நாள், களத்தில் இறங்கிய நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஏழு நாளில் கண்டறி, ஒரு நாளில் அறிவி, ஏழு நாளில் முதற்கட்ட நடவடிக்கைகளை முடி என்ற இலக்கு இப்போது பல நாடுகளில் புழங்குகிறது. உங்கள் திகதிகளை அதன் அருகில் வையுங்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் யாருடைய கை வேலை செய்தது என்று, பதிவேட்டை மட்டும் பார்க்காமல், நேரில் போய்க் கேளுங்கள்.

நான் தொடர்ந்து சென்ற அந்தப் படிவம் வந்த விடுதிக்கு, மதிப்பீடு முடிந்து ஓராண்டுக்குப் பின் மறுபடி போனேன். தாதியர் மேசைக்கு மேலே, பிளாஸ்திக் உறையிட்ட ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுக்கும் அலுவலகத் தொலைபேசி எண், இரவு எண், பதில் கடமையாற்றுபவரின் எண். அதன் கீழே கட்டித் தொங்கவிட்ட சிறிய குறிப்பேட்டில், அன்று காலை 9.40 க்குச் செய்த அழைப்பு பதியப்பட்டிருந்தது. பதிந்தவர் நான் அறிந்த அந்தத் தாதி அல்லர்.