சிசிஜே: ஒரு மாதக் கணக்கு எங்கே தவறுகிறது

மார்ட்கேஜ் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகுதான் பலருக்குத் தங்கள் பெயரில் ஒரு சிசிஜே, அதாவது கடன் பாக்கிக்கான கவுண்டி கோர்ட் தீர்ப்பு, இருப்பதே தெரியவருகிறது. வழக்காடித் தோற்றவர்கள் இல்லை இவர்கள்; வீடு மாறியவர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வழக்குப் படிவத்தைக் கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்குத் தபாலில் அனுப்பலாம். அது சேர்ந்ததாகக் கருதப்படும் நாளிலிருந்து 14 நாளில் பதில் போகாவிட்டால், வழக்குப் போட்டவர் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வாங்கிவிடலாம். ‘படிவம் கிடைத்தது, எதிர்க்கப் போகிறேன்’ என்று ஒப்புதல் அனுப்பினாலே 14 நாள் 28 ஆகிவிடும். காசு செலவில்லாத இந்த ஒரு வேலையைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள்.

தீர்ப்புக்குப் பின் ஒரு மாதம் உண்டு. அதற்குள் முழுத்தொகையும் கட்டிவிட்டால், இத்தகைய தீர்ப்புகளைக் குறித்துவைக்கும் பொதுப் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கும். மாதக் கணக்கு தீர்ப்புத் தேதியிலிருந்து ஓடுகிறது. கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. தொகையிலும் சறுக்குவார்கள். 420 பவுண்டு பில்லுக்கு வழக்கு என்றால், கோர்ட் கட்டணம் 50 சேர்ந்து தீர்ப்பில் 470 நிற்கும், வட்டியும் ஏறியிருக்கலாம். ‘பில் இவ்வளவுதானே’ என்று 420 மட்டும் அனுப்பினால் கடன் தீராது, 6 ஆண்டுப் பதிவும் அப்படியே நிற்கும்.

மாதம் தாண்டிக் கட்டினால் ‘தீர்க்கப்பட்டது’ என்ற குறிப்பு மட்டுமே ஏறும். கடன் கொடுப்பவருக்கு அது வெறும் சிசிஜேயைவிடப் பரவாயில்லை, அவ்வளவே. பணத்தைப் பெற்றுக்கொண்ட வழக்குப் போட்டவர் கோர்ட்டுக்குச் சொல்ல மறந்தால், வங்கி ஆதாரத்தோடு N443 என்ற படிவத்தை நாமே அனுப்ப வேண்டும். அவரைக் கெஞ்சி அழிக்கச் சொல்வதில் பயனில்லை. அந்த அதிகாரம் அவரிடம் இல்லை. வழக்குப் படிவம் பழைய விலாசத்துக்குப் போயிருந்தால் N244 என்ற விண்ணப்பப் படிவம் மூலம் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். கட்டணம் 300 பவுண்டுக்கு மேல். விஷயம் தெரிந்த உடனே போட வேண்டும். தாமதத்தை நீதிபதி கேட்பார். கடனை மறுக்க நியாயமான காரணமும் கையில் இருக்க வேண்டும்.

விசாரணையில் எதிர்த்து வாதாடித் தோற்றவர் நிலை வேறு. அந்தத் தீர்ப்பு உடனே பதிவேட்டில் ஏறாது. எதிர்த்தரப்பு வசூல் நடவடிக்கையில் இறங்கினாலோ, தோற்றவரே கேட்டுத் தவணை உத்தரவானாலோதான் ஏறும். கையில் பணம் வைத்துக்கொண்டு தவணை கேட்பவர்கள் இதை அறிந்து கேட்பதாகத் தெரியவில்லை.