எல்எல்ஆர் மாறிப்போச்சு

கார் லைசென்ஸ் கார்டு ஸ்பீட் போஸ்ட்ல வந்து நாலு நாள் ஆச்சு. இதுக்கு நான் பட்ட பாட்ட எழுதுனாத்தான் மனசு ஆறும். எல்எல்ஆர், அதான் ஓட்டிப் பழகுததுக்கு குடுக்குற லைசென்ஸ், அதுக்கு அப்ளை பண்ணுதது, பீஸ் கட்டுதது எல்லாம் ஆன்லைன்தான், உங்களுக்கே தெரியும். எனக்கு அதுல ஒரே ஒரு தகராறு, என் ஆதார்ல இருந்தது எங்க அப்பாவோட பழைய பட்டன் போன் நம்பர். ஓடிபி அங்க போவும், அப்பா வயக்காட்டுல நிப்பாவ, நான் போன் போட்டா "ஏளா, எவனோ திருட்டுப்பய நம்பர் அனுப்புதான், அழிச்சிட்டேன்"னு சொல்லுவாவ. ரெண்டு நாள் இதுலயே போச்சு. மொதல்ல ஆதார்ல உங்க நம்பர ஏத்திட்டு மத்த வேலைய பாருங்க.

டிரைவிங் ஸ்கூல் திருநெல்வேலி வண்ணார்பேட்டை பக்கம், காலைல ஆறரை பேட்ச். ஆளுக்கு அரை மணி நேரம்னு துட்ட வாங்கிட்டாவ, ஆனா ஒரே வண்டியில ரெண்டு பேர ஏத்துவாவன்னு மூச்சு விடல. போறப்ப ஒருத்தர் ஓட்டணும் வர்றப்ப இன்னொருத்தர் ஓட்டணும், மத்த நேரம் பின்னால சும்மா உக்காரணும், நடுவுல எறங்கிப் போவவும் முடியாது. சின்ன வண்டி, ஏசி கிடையாது, என் சீட்டுக்குப் பின்னால உக்காந்தவரோட முட்டி என் முதுகுல இடிச்சிக்கிட்டே இருக்கும். நெட்டையான ஆளு. பேங்க்ல வேலை, கல்லிடைக்குறிச்சிக்காரவிய, இங்க ரூம் எடுத்து இருக்காவ, இதெல்லாம் பொறவு தெரிஞ்சது. அன்னைக்கு எனக்கு அவிய பேரு பின்சீட்டு.

அஞ்சாவது நாளே மாஸ்டர் ஜங்ஷனுக்கு விடுன்னுட்டாவ. ஆத்துப் பாலத்த நல்லபடியா தாண்டிட்டேன். 1843ல சுலோச்சன முதலியார் சொந்தத் துட்டுல கட்டுன பாலம், அதுல மேடு வைக்காம விட்டாரே, புண்ணியவான். ஈரடுக்குப் பாலம் அப்படியா? பாதி ஏத்தத்துல வண்டி ஆஃப் ஆயிட்டு. பின்னால டவுன் பஸ்சு, ஆரன் அடிச்சிக்கிட்டே நிக்கி. மாஸ்டர் காலடியிலயும் ஒரு பிரேக்கு உண்டும், ஆனா மாஸ்டர் போன்ல யாருக்கோ வாழைத்தார் விலை சொல்லிக்கிட்டு இருக்காவ. வண்டி பைய பின்னால உருளுது. நான் ஹேண்ட் பிரேக்க புடிச்சிட்டேன், ஆனா இழுக்க வரல, கை நடுங்குது. பின்சீட்டு ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கைய விட்டு, என் கையோட சேத்து இழுத்துட்டாவ.

"கைய எடுங்க"ன்னேன்.

"எடுத்தா பஸ்சுல போயி முட்டும், பரவால்லையா?"

அப்பதான் மாஸ்டர் போன வச்சிட்டு, "எம்மா, கிளச்ச பைய விடு, வெண்ண மாதிரி விடு"ன்னாவ. வெண்ணெய எவன் கால்ல மிதிச்சான்?

இப்ப முக்கியமான விசயம். எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழிச்சுதான் டெஸ்ட்டுக்கு போக முடியும், அது செல்லுறது 6 மாசம். எல்லாத்தையும் ஸ்கூல்லயே வச்சிருந்து, டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ஆளுக்கொரு கவர் குடுத்தாவ. நான் தொறந்து பாக்கல. தயவுசெஞ்சு தொறந்து பாருங்க! மறுநாள் லீவு போட்டுட்டு எட்டு மணிக்கே போயி வரிசையில நின்னு, கவுண்டர்ல கவர பிரிச்சா உள்ள பின்சீட்டோட எல்எல்ஆரு. என்னோடது அவிய கவர்ல. அவியளுக்கு ஸ்லாட் அடுத்த வாரம், அதனால ஊருக்குப் போயிட்டாவ.

கவுண்டர்ல இருந்தவரு நிமிந்துகூட பாக்கல. "எல்எல்ஆர் இல்லன்னா தள்ளி நில்லுங்க." சார், என்ன செய்யலாம்னு கேட்டேன், அடுத்த ஆளுன்னாரு. மாஸ்டர்ட்ட நம்பர் வாங்கி அவியளுக்கு போன் போட்டு கத்துன கத்துல வேப்பமரத்தடியில நின்ன எல்லாரும் திரும்பிப் பாத்தாவ. "நானே கொண்டுட்டு வாரேன், அங்கனயே நில்லுங்க"ன்னாவ. கல்லிடைக்குறிச்சியில இருந்து பஸ்சுல வந்து சேரும்போது டெஸ்ட் முடிஞ்சு பிரேக் இன்ஸ்பெக்டர் கிளம்பிட்டாரு. லீவும் போச்சு, ஸ்லாட்டும் போச்சு. அவிய ஒரு நன்னாரி சர்பத் வாங்கிக் குடுத்தாவ, கோவத்துல அதையும் குடிச்சேன்.

இதுல கொடுமை என்னன்னா, அப்ளிகேஷன் நம்பர் இருந்தா எல்எல்ஆர எந்த ஜெராக்ஸ் கடையிலயும் திரும்ப பிரிண்ட் எடுக்கலாம், அந்த நம்பர் என் போன்லயே எஸ்எம்எஸ்ஸா கிடந்துச்சு. எனக்குத் தெரியாது. பின்சீட்டுக்குத் தெரியும்! நிச்சயம் முடிஞ்ச பொறவு ஒரு நாள் சிரிச்சிக்கிட்டே ஒத்துக்கிட்டாவ. ஒரு நாள் சம்பளம் போயிட்டே கோட்டிக்காரான்னு கேட்டேன். இன்னமும் எனக்கு அது ஆறல.

நிச்சயம் எப்படின்னு கேப்பீங்க. என் டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரி அவிய பைய அவிய அம்மா தொறந்துருக்காவ, உள்ள ஒரு பொம்பளப்பிள்ள போட்டோவோட காயிதம். பேரு, தகப்பனார் பேரு, பொறந்த தேதி, வீட்டு விலாசம், ரத்த குரூப்பு வரை இருக்கு. ஜாதகம் ஒண்ணுதான் இல்ல. "யாருல இந்தப் பிள்ள?"ன்னு கேட்டதுக்கு இவிய நேரா பதில் சொல்லாம முழிச்சிருக்காவ. அத்தை விலாசத்த எழுதி வச்சிக்கிட்டு, ரெண்டு வாரத்துல எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாவ. அல்வாவோடன்னு நினைச்சிராதீங்க, அவிய ஊரு அப்பளக்கட்டோட.

மறு ஸ்லாட்டுல நான் ஒரே தடவையில பாஸ். ரிவர்ஸ் எடுக்கையில தலைய வெளிய நீட்டாதீங்க, கண்ணாடிய பாருங்க, பிரேக் இன்ஸ்பெக்டர் அதத்தான் பாக்காரு. பின்சீட்டு ரிவர்ஸ்ல கம்ப இடிச்சு பெயிலு, 7 நாள் கழிச்சு போனாவ, அதுலயும் பெயிலு.

அதனால இப்ப அவிய எல் போர்டு ஒட்டி ஓட்டிப் பழகணும்னா, சட்டப்படி பக்கத்துல லைசென்ஸ் உள்ள ஆளு உக்காரணும், அது நாந்தான். நாயித்துக்கிழமை விடியக்காலைல அவிய அக்கா வண்டிய எடுத்துக்கிட்டு போறோம். ஈரடுக்குப் பாலத்து ஏத்தம் வந்தா நான் இடது பக்கம் உக்காந்து கால்மிதிய ஓங்கி மிதிக்கேன், அங்கன பிரேக்கு கிடையாதுன்னு தெரிஞ்சும்.