திமில் எங்கே தொடங்குகிறது

மார்ச் 11

நுரையீரல் ரிப்போர்ட் வரும்வரை கல்லைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிங் மிஷின் ஓடும் இடத்தில் நிற்கவும் கூடாது. துணி கட்டிக்கொண்டால்? அப்போதும் கூடாதாம்.

மார்ச் 12

இருமல் இரவில்தான். பகலில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

மார்ச் 14

பட்டறைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. சாலைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். அவிநாசியிலிருந்து திருப்பூர் போகிற பஸ்ஸில் தூங்கி வருகிறவர்கள்கூட உளிச் சத்தம் கேட்டுத் திருமுருகன்பூண்டி வந்துவிட்டது என்று எழுந்துகொண்ட காலம் உண்டு. இப்போது பாதிக்கு மேல் மிஷின் சத்தம். அப்பா காலத்தில் உளியில் தெறித்தது சில்லு. மிஷினில் வருவது மாவு. கீழே விழாமல் காற்றிலேயே நிற்கிறது, மூச்சோடு உள்ளே போகிறது.

பட்டறையில் வேலை பழகுகிற பையன் ஓடி வந்தான். "ஏனுங்ணா, நந்திக் கல்ல என்ன பண்றதுங்க?"

தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன். நாலரை அடி நீளம், ஊத்துக்குளிப் பக்கத்துக் கல். வந்து இறங்கிய அன்று சுத்தியால் தட்டியதும் கோயில் மணி மாதிரி ஓசை நீண்டது. அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

மார்ச் 15

நோட்டு வாங்கினேன். கோடு போடாதது, நூறு பக்கம்.

மார்ச் 16

வரைவது எனக்குப் புதிதில்லை. பத்து வயதில் அப்பா முதலில் கையில் கொடுத்தது பென்சில்தான், உளி இல்லை. நவதாளம், அதாவது முகத்தைப் போல் ஒன்பது மடங்கு உயரம், என்றால் 108 அங்குலம். முகம் 12, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 12, மார்பிலிருந்து தொப்புள் 12, அதற்குக் கீழே 12, தொடை 24, முட்டி 4, கீழ்க்கால் 24, பாதம் 4. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நடுவில் பிரம்மசூத்திரம் என்கிற செங்குத்துக் கோட்டை இழுத்து, இரண்டு பக்கமும் அளவைக் குறித்துவிட்டால் சாமி நின்றுவிடும். இதை நான் இத்தனை வருடமும் வரைவது என்றே சொல்லி வந்திருக்கிறேன்.

இன்று வெற்று நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நந்தி போட்டேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. அளவில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அது நான் செய்த பழைய நந்திகளின் படம். மாடு அதில் எங்கேயும் இல்லை.

இன்னொன்றும் யோசித்தேன். கல்லில் போடுகிற கோடு எதுவும் மிஞ்சுவதில்லை. நாலு பக்கமும் செங்காவியில் உருவம் போடுகிறோம், அந்தக் கோட்டையேதான் முதலில் வெட்டி எறிகிறோம். உள்ளே புதிதாக ஒரு முகம் திறக்கிறது, அதன்மேல் மறுபடி கோடு. மறுபடி வெட்டு. ஒரு சிலை முடிவதற்குள் அதே மூக்கை இருபது முப்பது தடவையாவது வரைந்திருப்பேன். முடிந்த சிலையில் ஒன்றுகூட இருக்காது. அப்படியானால் நான் வாழ்நாளெல்லாம் வரைந்தது எத்தனை ஆயிரம் படம்? ஒன்றையாவது நின்று பார்த்திருக்கிறேனா?

அப்பா போட்டதில் ஒன்றே ஒன்று மிச்சம். பட்டறையின் பழைய சுவரில், செங்காவியில், ஒரு மாட்டு முதுகு. எதற்குப் போட்டார் என்று நான் கேட்டதே இல்லை.

மார்ச் 17

ஒன்றும் வரையவில்லை. யாரோடும் பேசவில்லை.

மார்ச் 19

பாப்பா சென்னையிலிருந்து போனில் படங்கள் அனுப்பியிருக்கிறாள். செம்மறி ஆடுகள், பேனாவால் கிறுக்கினது மாதிரி. ஹென்றி மூர் என்ற இங்கிலாந்துச் சிற்பி போட்டது. 1972-ல் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் அவருக்குப் பெரிய கண்காட்சி. சிலைகளைப் பெட்டியில் கட்டி ஏற்றுகிற சத்தத்தில் பட்டறையில் வேலை செய்ய முடியாமல், ஒரு சின்ன அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாராம். ஜன்னலுக்கு வெளியே ஆடு மேய்ந்திருக்கிறது. வரையத் தொடங்கிவிட்டார். முதலில் தலையும் நாலு காலும் வைத்த உரோமப் பந்துகளாகத்தான் தெரிந்தன, போகப்போகத்தான் உரோமத்துக்குள் ஒரு உடம்பு இருப்பது புரிந்தது என்று சொல்லியிருக்கிறார்.

அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. உலகம் முழுக்கச் சிலை வைத்த மனிதர். அவருக்கே ஆட்டின் உடம்பு அப்போதுதான் தெரிந்திருக்கிறது.

"அப்பா, நீங்களும் வெளிய போய்ப் பாருங்க" என்கிறாள். சரி.

மார்ச் 22

மச்சான் வண்டியில் காங்கேயம் பக்கம் ஒரு தோட்டம். கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு, நடுவில் வெள்வேல மரங்கள். கட்டுத்தரையில் மயிலைக் காளை ஒன்று. கொம்பிலிருந்து திமில் வரை கருப்பு ஏறி, நடு உடம்பு வெளுத்து, பின்னால் மறுபடி கருத்திருக்கிறது. பக்கத்தில் செவலைக் கன்று. இதே செவலைதான் ஆறு மாதத்தில் நிறம் மாறி மயிலையாகும் என்றார் பெரியவர்.

இரண்டு மணி நேரத்தில் பதினோரு பக்கம். எல்லாம் நிற்கிற மாடு. எனக்கு வேண்டியது படுத்த மாடு.

"மாடு படுக்கோணும்னா நீங்க பேசாம இருக்கோணும்ங்க" என்றார்.

இருமல் வந்து எல்லாம் கெட்டது. காளை திரும்பிக்கொண்டது.

மார்ச் 23

திமில் எங்கே தொடங்குகிறது? பக்கவாட்டில் போட்ட படத்தில் கழுத்து முடிகிற இடத்திலேயே எழுந்துவிடுகிறது. பின்னால் நின்று போட்டதில் தோள்பட்டை இரண்டும் சேருகிற இடத்தில்தான் ஆரம்பம். இரண்டும் நான் போட்டதே. இரண்டும் உண்மை போலத்தான் இருக்கின்றன. ஆனால் கல்லின் இரண்டு பக்கத்தில் இந்த இரண்டையும் வரைந்து வெட்டினால் நடுவில் சந்திக்காது.

மார்ச் 24

சந்திக்கவில்லை.

மார்ச் 26

கோயமுத்தூர். ஒரு குழாயில் மூச்சை இழுத்துப் பிடித்து ஊதச் சொன்னார்கள். மூன்று தடவை. "இன்னும், இன்னும், இன்னும்" என்று அந்தப் பெண் கத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவதில் கண் இருட்டிவிட்டது.

கூடத்தில் காத்திருந்தபோது எதிரே இருந்தவர்களின் கைகளைப் போட்டேன். மடியில் ஸ்கேன் கவரை வைத்துப் பிடித்திருக்கிற கைகள். ஒவ்வொருவரும் அதை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கிறார்கள். பார்பரா ஹெப்வொர்த் என்ற அம்மா, அவரும் கல் சிற்பி, 1947 முதல் 1949 வரை ஆபரேஷன் அறைகளில் நின்று டாக்டர்களின் கையையும் கண்ணையும் வரைந்திருக்கிறார். அவர் மகள் முன்பு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வைத்தியம் பார்த்த டாக்டர்தான் வந்து பார்க்கச் சொன்னாராம். பாப்பா அனுப்பிய படத்தில் முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும். கத்தி பிடித்த கை நம் உளி பிடித்த கை போலவே இருக்கிறது.

மத்தியானம் வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் பேரூர் பஸ் ஏறினேன். கோயிலில் கனகசபை மண்டபம். அப்பா என்னை முதலில் கூட்டிப்போன இடம். 17-ஆம் நூற்றாண்டில் மதுரை நாயக்கரான அளகாத்திரி கட்டுவித்தது. ஒவ்வொரு தூணிலும் ஆளைவிடப் பெரிய உருவம். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அளவுக்காக. நகம் எத்தனை யவை (அங்குலத்தில் எட்டில் ஒன்று), வளையம் எத்தனை வரி. யானைத்தோலை விரித்து நிற்கிற சிவன் முன்னால் இன்று ஒரு மணி நேரம் நின்று வரைந்தேன். அளவு எடுக்கவில்லை, போனையும் எடுக்கவில்லை.

வரைந்தால்தான் தெரிகிறது. கண் ஒரு தடவை போய் வருகிற இடத்துக்குக் கை பத்துத் தடவை போக வேண்டியிருக்கிறது. தோல் எங்கே யானையாக இருக்கிறது, எங்கே வெறும் விரிப்பாகிவிடுகிறது என்று அந்த ஓரத்தைப் பிடிக்க நாலு பக்கம் ஆனது. அந்தச் சிற்பி முன்னால் நின்று மட்டும் யோசிக்கவில்லை. தூணைச் சுற்றி நடந்துகொண்டே இருந்திருக்கிறான். எங்கள் வீட்டுப் பூஜை அறை அளவு இடத்தில் அவன் எத்தனை ஆயிரம் அடி நடந்தானோ.

ஒரு குழந்தை பக்கத்தில் வந்து நோட்டை எட்டிப் பார்த்து, "சாமிக்கு இன்னும் கால் போடல" என்றது. போட்டேன்.

மார்ச் 27

ரிப்போர்ட் இன்னும் ஒரு வாரம் ஆகுமாம்.

மார்ச் 29

காளை படுத்தது!

முன்னங்கால் முட்டிகளை முதலில் மடித்தது. ஒரு கணம் சாமி கும்பிடுகிற மாதிரி. அப்புறம் பின்பக்கத்தை இறக்கியது. ஆனால் நேராக இறக்கவில்லை. இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போட்டது. பின்னங்கால்கள் இரண்டுமே மறுபக்கம் வந்து நீட்டிக்கொண்டன. முதுகெலும்பு நேர்கோடாக இல்லை, திமிலிலிருந்து வால் வரை வளைந்து ஓடுகிறது. நான் செய்த நந்திகள் எல்லாம் நடுவில் நூல் பிடித்த மாதிரி இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் உட்கார்ந்திருக்கும். எந்த மாடும் அப்படி உட்காராது. உட்கார முடியாது.

நந்தி மாடு இல்லை, சாமி, அதற்கு லட்சணம் வேறு என்று அப்பா சொல்லியிருப்பார். அது சரிதான். ஆனாலும் கனம் எங்கே இறங்குகிறது என்று தெரியாமல் லட்சணத்தை எதன்மேல் வைப்பது?

இன்று காகிதத்தைப் பார்க்காமல் போட்டுப் பார்த்தேன். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் அப்படித்தான் போடுவாராம். கண்ணை உடம்பை விட்டு எடுக்காமல், கை தன்பாட்டில் ஓட. பாரிஸில் அவர் மியூசியத்தில் சுமார் 7,000 படம் இருக்கிறது. என் காளைக்கு மூன்று கொம்பு வந்துவிட்டது. ஆனால் அந்த இடுப்புச் சாய்வு, அளந்து போட்ட ஆறு படத்திலும் வராதது, அதில் வந்திருக்கிறது.

மார்ச் 30

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு இந்தக் காளையைக் கொண்டுபோகப் போகிறார்கள். சித்திரையில். மச்சான் சொன்னது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

ஏப்ரல் 2

இரவெல்லாம் இருமல். திமில். திமில்.

ஏப்ரல் 4

கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். கை நடுங்குகிறது, அதனால் மெதுவாக எழுதுகிறேன்.

மத்தியானம் காளையைத் தென்னங்கீற்றுச் சாளைக்குள் கட்டியிருந்தார்கள். கீற்று பழசு. இடுக்கு வழியாக வெயில் கோடு கோடாக இறங்கி மாட்டின்மேல் விழுந்தது. விலாவில் விழுந்த கோடு வளைந்தது. அலைதாடியில் விழுந்தது நெளிந்து நெளிந்து தொங்கியது. திமிலுக்கு முன்னால் ஒரு கோடு. கழுத்தில் தட்டையாகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு இடத்தில் சட்டென்று மேலே ஏறியது. அந்த இடம் பக்கவாட்டுப் படத்தில் நான் குறித்ததும் இல்லை, பின்னால் நின்று குறித்ததும் இல்லை. திமில் ஒரு புள்ளியில் தொடங்கவே இல்லை. நடுவில் முன்னதாகவும் ஓரத்தில் பின்னதாகவும், மணல் குவியல் மாதிரி, சுற்றித் தொடங்குகிறது.

மூர் இந்தக் கோடுகளைத்தான் போட்டிருக்கிறார். அவர் படங்களில் உடம்பைச் சுற்றி வளையம் வளையமாக, நீளவாக்கில் ஒரு வரிசை, குறுக்கில் ஒரு வரிசை. நிழல் தீட்டாமல் உருண்டையைக் காட்ட ஒரு அலங்காரம் என்று நினைத்திருந்தேன். இல்லை. வெளிக்கோடு சொல்லாததை அது சொல்கிறது. வெளிக்கோடு போட்டால் உருவம் முடிகிற ஓரம்தான் தெரியும். கல்லில் எனக்கு வேண்டியது அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்கும் நடுவே இருப்பது. உளி இறங்குவதே அங்கேதான்.

வெயில் நகர நகரக் கோடும் நகர்ந்தது. பதினாறு பக்கம் போட்டேன். பெரியவர் மோர் கொண்டுவந்து வைத்தது தெளிந்து பிரிந்துவிட்டது.

ஏப்ரல் 5

பையனைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன். வெட்டுகிற வேலையைத்தான் இவ்வளவு நாளும் சொல்லிக்கொடுத்தேன், பார்க்கிற வேலையைச் சொல்லித்தரவில்லை. "இதப் பாத்து நான் புடைச்சு வெக்கட்டுங்களா?" என்றான். வேண்டாம், முதலில் நீயும் போய் வரை என்றேன். அவன் முகம் சுண்டிவிட்டது. அவன் கை கல்லுக்குத் துடிக்கிற கை. என் கையும்தான்.

மாஸ்க் இல்லாமல் மிஷின் பிடித்தால் வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றும் சொன்னேன். இதை முதலிலேயே எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 7

போன் வந்தது. ரிப்போர்ட் வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை நேரில் வரவேண்டும், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு.

கூட ஒருவர் எதற்கு?

ஏப்ரல் 8

பையனிடம் அந்தச் சுவரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறது, பாதிதான் தெரிகிறதுங்க என்றான். மூட்டையை இறக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே இறக்கினான்.

கீழ்ப்பாதி வந்தது. ஈரம் ஏறிக் காவி மங்கியிருக்கிறது, ஆனால் தெளிவாகத்தான் இருக்கிறது. படுத்த மாடு. பின்னங்கால் இரண்டும் ஒரே பக்கம்.

அப்பா செய்த நந்தி எதிலும் இது இல்லை. கேட்டு வந்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லையா, அவரே வேண்டாம் என்று விட்டாரா? இதைப் பார்த்தவர், வரைந்தவர், ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

ஏப்ரல் 9

கல்லின் மேல்முகத்துக்கான படம் மட்டும் பாக்கி. இடுப்புச் சாய்வைக் கூட்டினால் வலது மூலையில் கல் பற்றாது, இரண்டு அங்குலம் குறையும். தலையை அந்தப் பக்கமே கொஞ்சம் திருப்பினால் பற்றும். திருப்பினால் சாமியை நேராகப் பார்க்காது.

மணி பதினொன்று. இன்னும் இரண்டு விதமாகப் போட்டுப் பார்க்கிறேன். காலை ஐந்தரைக்கு மச்சான் வண்டியோடு வந்துவிடுவார்.