'பிலவட்' நாவலைத் தேர்வுக்குப் படிக்கும்போது

அமெரிக்க அடிமை முறையைப் பற்றிய டோனி மாரிசனின் 'பிலவட்' (1987) நாவலுக்குக் கதைச்சுருக்கத்தை முதலில் படிப்பதுபோலக் கெடுதல் வேறில்லை. அடிமைப் பண்ணையிலிருந்து தப்பிவந்த சேத்தி தன் குழந்தையைக் கொன்றதைச் சுருக்கம் எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்துவிடும். நாவலோ அதை முதல் பாகத்தின் கடைசிப் பகுதிவரை சொல்லாமல் இழுக்கிறது. சொல்லும்போதும், அவளைப் பிடிக்க வந்த வெள்ளையர் நால்வரின் பார்வையில்தான் தொடங்குகிறது. கதைசொல்லும் உத்தி பற்றிய கேள்விக்கு இந்த ஓர் இடமே பாதி விடை.

அத்தியாயங்களுக்கு எண் கிடையாது. பென்சிலால் நீங்களே போடுங்கள், 28 வரும். நோட்டில் மூன்று பத்தி பிரியுங்கள்: சேத்தி அடிமையாக இருந்த ஸ்வீட் ஹோம் பண்ணை, 1855இல் தப்பிவந்தபின் கிடைத்த 28 நாள் சுதந்திரம், 1873 சின்சினாட்டி. ஒவ்வொரு நினைவும் எதில் விழுகிறது என்று குறித்தால் காலக்குழப்பம் தீரும். அதே பண்ணையில் அடிமையாக இருந்த பால் டியின் ஜார்ஜியா கைதி வாழ்க்கை மூன்றிலும் அடங்காது, ஓரத்தில் எழுதுங்கள்.

அதிகாரம் பற்றிக் கேட்டால் எல்லோரும் சவுக்கடியையும் முதுகுத் தழும்பையும் எழுதுகிறார்கள். அதைவிடக் கூர்மையான காட்சி இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. பண்ணையை நடத்தும் 'ஸ்கூல்டீச்சர்' தன் மாணவர்களிடம் சேத்தியின் மனித குணங்களை இடப்பக்கமும் விலங்கு குணங்களை வலப்பக்கமும் எழுதச் சொல்கிறான். அவன் எழுதப் பயன்படுத்தும் மையைக் காய்ச்சித் தருபவளே சேத்திதான். அடி அப்புறம், முதலில் கணக்கெழுத்து. முதல் பாகத்தில் அவள் மார்பிலிருந்து பாலைப் பறித்தவர்களும் இந்த மாணவர்கள்தான். இரண்டையும் சேர்த்து எழுதிப் பாருங்கள், விடையின் தரமே மாறும்.

இரண்டாம் பாகத்தில் வரும் தனிமொழிகளில், சேத்தியின் வீட்டுக்கு வந்துசேரும் பிலவட் என்ற பெண்ணின் பகுதிக்கு நிறுத்தக்குறி இல்லை. பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாய்விட்டுப் படித்தால் மூச்சு விடும் இடம் தானாகத் தெரியும். நெருக்கியடித்துக் கிடக்கும் உடல்கள், கடல், பிணங்கள் என அடிமைக்கப்பல் அங்கே வருகிறது. அவளை இறந்த குழந்தையின் ஆவி என்று மட்டும் எழுதினால், அடிமை வணிகத்தில் மாண்ட ஆறு கோடிக்கும் மேற்பட்டோருக்கு நாவல் ஏன் சமர்ப்பிக்கப்பட்டது என்பதற்குப் பதில் இருக்காது. 'மாய யதார்த்தம்' என்று முத்திரை குத்தி முடிப்பதும் அதே கோளாறுதான்.

நாவலுக்குத் தூண்டுதலான, நிஜத்தில் வாழ்ந்த அடிமைப் பெண் மார்கரெட் கார்னரின் வாழ்க்கைதான் இந்த நாவல் என்றும் எழுதாதீர்கள். 1856 ஜனவரியில் உறைந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து வந்த கார்னர், பிடிபடும் நேரத்தில் மகளைக் கொன்றார். கொலை வழக்கு நடத்துவதா, உடைமையாகக் கருதித் திருப்பி அனுப்புவதா என்ற சிக்கலில் தப்பியோடிய அடிமைகளை உடையவரிடம் ஒப்படைக்கச் சொன்ன 1850ஆம் ஆண்டுச் சட்டமே வென்றது, திருப்பி அனுப்பப்பட்டார். சேத்தியோ சிறைக்குப் போய், பிறகு சின்சினாட்டியிலேயே வாழ்கிறாள். மாரிசன் அவளை அங்கேயே நிறுத்தியதால்தான் பதினெட்டு ஆண்டுத் துக்கத்துக்குக் கதையில் இடம் கிடைக்கிறது.

துணைக்கு ஒரே நூல் படிக்க நேரமிருந்தால் அடிமையாக இருந்து தப்பிய ஹேரியட் ஜேக்கப்ஸின் 1861 தன்வரலாறு போதும். பிள்ளைகளுக்காக ஒரு தாய் கிட்டத்தட்ட ஏழு ஆண்டு நிமிர்ந்து நிற்க முடியாத பரண் இடுக்கில் ஒளிந்திருந்த கதை அது. தாய்மை பற்றிய கேள்விக்கு அடிமை வாழ்வைத் தன்வரலாறாக எழுதிய ஃபிரெடரிக் டக்ளஸைவிட இவர்தான் கைகொடுப்பார்.